சமூகத்துக்காக நடத்திய ஒரு பிளாக்செயினை, யாருடைய பணமும் மாட்டிக்கொள்ளாமல் மூடுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். காஸ்மாஸ் எஸ்டிகே என்ற மென்பொருள் தொகுப்பில் கட்டிய ஒரு சிறிய செயின், நாலு வருடமாக ஓடுகிறது. பரிவர்த்தனைகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் 22 வேலிடேட்டர்கள், மாதத்துக்கு 600 வாலட்கள் (பயனாளர் கணக்குகள்) வரை நடமாட்டம். தன்னார்வலர்களின் உழைப்புக்கு டோக்கன் கொடுத்துக் கணக்கு வைப்பதற்காகத் தொடங்கியது. கையில் இருக்கும் பணம் இன்னும் எட்டு மாத சர்வர் செலவுக்குத்தான் வரும். “மூடுவது என்று முடிவாகிவிட்டது, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், ஆட்களை எப்படிச் சென்றடைவது, நோட்களை (செயினை ஓட்டும் சர்வர்களை) அணைத்தால் போதுமா?” என்று கேட்கிறீர்கள். நோட்களை அணைப்பது கடைசி நாள் வேலை, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நீங்கள் உண்மையில் கேட்பது, யார் யாருக்கு நாம் என்ன தரவேண்டியிருக்கிறது, அதை எந்த வரிசையில் தீர்ப்பது என்பதை. அந்த வரிசை கைக்கு வந்தால் எத்தனை நாள் என்ற கணக்கு தானாக வந்துவிடும்.

நான் ஆறு வருடமாகப் பல சிறிய செயின்களுக்கு வேலிடேட்டர் நடத்துகிறேன். அதில் இரண்டு நான் உள்ளே இருக்கும்போதே மூடப்பட்டன, ஒன்று மோசமாக, இன்னொன்று ஒழுங்காக. கீழே எழுதுவதில் புரோட்டோகால் எப்படி நடந்துகொள்ளும் என்று வரும் இடங்கள் நிச்சயமானவை, சோதனைக்கான டெஸ்ட்நெட்டில் நீங்களே செய்து பார்க்கலாம். எத்தனை மாதம், மிச்சப் பணத்தை யாருக்கு எப்படிப் பிரிப்பது என்று வரும் இடங்கள் என் அபிப்பிராயம் மட்டுமே, வேறு மாதிரி நினைப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. சட்டமும் வரியும் என் தொழில் இல்லை. அதற்கு ஒரு வக்கீலையும் ஆடிட்டரையும் அறிவிப்பு வெளியிடுவதற்கு முன்னாலேயே பாருங்கள்.

முதலில் ஒரு விஷயம். மூடுவது உங்கள் கையில்தான் இருக்கிறதா? உங்கள் குழு வேலையை நிறுத்துவது வேறு, செயின் நிற்பது வேறு. 2020 பிப்ரவரியில் ஸ்டீம் என்ற செயினைக் கட்டிய ஸ்டீமிட் நிறுவனம், ட்ரான் என்ற இன்னொரு செயினின் கைக்குப் போனபோது, ஸ்டீமைப் பயன்படுத்திய மக்களில் ஒரு பெரும் பகுதி அதே ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி ஹைவ் என்று பிரிந்து தனியாக நடத்த ஆரம்பித்தார்கள். 2022 மே மாதம் டெரா என்ற செயினின் டோக்கன் விலை விழுந்து, அதைக் கட்டியவர்கள் புதிய செயினுக்குப் போன பிறகும் பழையது டெரா கிளாசிக் என்ற பெயரில் தொடர்ந்து ஓடியது. கோடு திறந்திருக்கிறது, செயினின் தொடக்க நிலையைச் சொல்லும் ஜெனிசிஸ் கோப்பு எல்லோரிடமும் இருக்கிறது, ஆகவே பத்து வேலிடேட்டர்கள் தொடர நினைத்தால் உங்களால் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அதனால் “மூடுகிறோம்” என்று எழுதுவதற்கு முன்னால் “நாங்கள் விலகுகிறோம், தொடர்ந்து நடத்த யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்டு ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். யாராவது முன்வந்தால் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு வருட சர்வர் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? பதில் இல்லாதவர்களிடம் ஒப்படைத்தால் மூடுவதை ஆறு மாதம் தள்ளிப்போட்டதாகத்தான் ஆகும், அதுவும் நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில், யாருக்கும் தெரியாமல் நிற்கும்.

அப்படி நிற்பது எவ்வளவு எளிது என்பதை நான் பார்த்திருக்கிறேன். காஸ்மாஸ் செயின்கள் ஓடும் டெண்டர்மின்ட் முறையில் ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) உறுதியாக வேண்டுமானால் மொத்த ஸ்டேக்கில் (வேலிடேட்டர்களின் பேரில் பிணையாகப் பூட்டிய டோக்கன்களில்) மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கையெழுத்திட வேண்டும். அதாவது மூன்றில் ஒரு பங்கு ஸ்டேக் ஆஃப்லைன் போனாலே செயின் அந்த இடத்தில் நின்றுவிடும். ஒருவர் பின் ஒருவராக மெதுவாகப் போனால் பரவாயில்லை, வராதவர்களைச் செயினே ஜெயிலில் தள்ளி மிச்சமிருப்பவர்களை வைத்துக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். சேர்ந்தாற்போல் போனால் அதற்கு நேரம் இருக்காது. நான் சொன்ன முதல் செயினில் குழு எந்த அறிவிப்பும் தரவில்லை, சம்பளம் வராததால் வேலையை விட்டுப் போனார்கள், விஷயம் கசிந்தது, ஒரே வாரத்தில் மூன்று பெரிய வேலிடேட்டர்கள் சர்வர் வாடகையை நிறுத்திவிட்டார்கள். அன்று இரவு என் திரையில் பிளாக் உயரம் (பிளாக்கின் வரிசை எண்) நகரவில்லை, வந்த கையெழுத்துகள் மூன்றில் இரண்டு பங்கை எட்டவே இல்லை. காலையில் எழுந்து பார்த்தபோதும் அதே உயரம்.

என்னை நம்பி அந்தச் செயினில் வாலட் திறந்தவர்களில் ஒரு அக்கா, ஓய்வு பெற்ற ஆசிரியை. மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த தொகையை யூஎஸ்டிசி-யாக (டாலர் மதிப்பில் நிற்கும் டோக்கனாக) மாற்றி அந்தச் செயினுக்குள்ளேயே வைத்திருந்தார், 340 டாலர். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் “ஏதாவது தெரிஞ்சுதா தம்பி?” என்று ஒரு வரி அனுப்புவார். திட்ட மாட்டார், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. போன மூவரில் ஒருவரைக் கண்டுபிடித்து, அவருடைய பேக்கப்பிலிருந்து சாவியை எடுத்து, செயினை மறுபடி ஓட வைக்கப் பத்தொன்பது நாள் ஆனது. ஆனால் அதற்குள் இன்னொரு கதவு மூடிவிட்டிருந்தது.

அந்தக் கதவுதான் இந்தப் பதிலில் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் செயினில் ஒருவரிடம் யூஎஸ்டிசி இருக்கிறது என்றால் உண்மையான யூஎஸ்டிசி உங்கள் செயினில் இல்லை. அது வந்த செயினில் ஓர் எஸ்க்ரோ கணக்கில் பூட்டிக் கிடக்கிறது, உங்களிடம் இருப்பது அதற்கான சீட்டு. அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை எடுக்க வேண்டுமானால், அந்தச் செயினில் உங்கள் செயினுக்கான லைட் கிளையன்ட் (உங்கள் செயினின் பிளாக்குகளைச் சரிபார்க்க அங்கே இருக்கும் சிறிய நிரல்) உயிரோடு இருக்க வேண்டும், உங்கள் செயின் புதிய பிளாக்குகள் போட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். லைட் கிளையன்ட்டுக்கு ஒரு நம்பிக்கைக் காலம் உண்டு. வழக்கமாக அன்பாண்டிங் காலத்தில் (ஸ்டேக்கைத் திரும்ப எடுக்கக் காத்திருக்கும் நாட்களில்) மூன்றில் இரண்டு பங்கு வைப்பார்கள், 21 நாள் அன்பாண்டிங் என்றால் 14 நாள். அந்த 14 நாளில் ஒரு முறைகூடப் புதுப்பிக்கப்படாவிட்டால் அது காலாவதி ஆகிவிடும். அப்புறம் உங்கள் செயினை எழுப்பினாலும் பயனில்லை. எதிர்ச் செயினின் மக்கள் கவர்னன்ஸில் (டோக்கன் வைத்திருப்பவர்களின் வாக்கெடுப்பில்) வாக்களித்து அதை மீட்க வேண்டும், தங்களுக்குத் தொடர்பே இல்லாத ஒரு செயினுக்காக அவர்கள் ஏன் மெனக்கெட வேண்டும்? எங்கள் முதல் ப்ரொபோசல் போதிய வாக்கு வராமல் தோற்றது. இரண்டாவது ஜெயித்தது. அக்காவின் 340 டாலர் வெளியே வர இரண்டரை மாதம் ஆனது. எல்லோருக்கும் வரவில்லை. இன்னொரு செயினிலிருந்து வந்த சீட்டுகளுக்கு யாரும் ப்ரொபோசல் போடவே இல்லை, அந்த எஸ்க்ரோவில் பணம் இன்றைக்கும் கிடக்கிறது, எக்ஸ்ப்ளோரரில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யாராலும் எடுக்க முடியாது.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அறிவிப்பு எழுதுவது இல்லை. உங்கள் செயினோடு இணைந்திருக்கும் ஒவ்வொரு ஐபிசி சேனலுக்கும் (செயின்களுக்கு இடையே டோக்கன் போய்வரும் பாதைக்கும்), எதிர்ப் பக்கத்து எஸ்க்ரோவில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். இந்தப் பக்கத்தில் அந்தச் சீட்டுகள் எந்த வாலட்களில் இருக்கின்றன என்று அதற்கு எதிரே எழுதுங்கள். எங்கள் இரண்டாவது செயினில் இப்படி எடுத்தபோது மொத்தத் தொகையில் முக்கால்வாசி பதினான்கு வாலட்களில் இருந்தது தெரிந்தது. பதினான்கு பேரைத் தேடிப் பிடித்துப் பேசுவது ஆகிற வேலைதானே.

அப்புறம் வாசலை அடைக்கும் வரிசை. உள்ளே வரும் வழியை முதலில் அடைத்து, வெளியே போகும் வழியை நீண்ட நாள் திறந்து வைப்பதுதான் பொது விதி. எத்தீரியத்தின் மேல் ஓடிய ஆஸ்டெக் கனெக்ட் என்ற சேவை 2023 மார்ச்சில் மூடலை அறிவித்தபோது அதைத்தான் செய்தார்கள். புதிய டெபாசிட்டைச் சில நாட்களிலேயே நிறுத்திவிட்டு, பணத்தை எடுத்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு வருடம் கொடுத்தார்கள், கோடையும் வெளியிட்டார்கள். உங்கள் செயினில் ஐபிசி டிரான்ஸ்ஃபர் மாட்யூலில் அனுப்புவதற்கும் பெறுவதற்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கிறது, கவர்னன்ஸ் மூலம் பெறுவதை மட்டும் அணைக்கலாம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பெறுவதை அணைத்தால் வெளி டோக்கன்கள் வருவது மட்டும் நிற்காது, வெளியே போயிருக்கும் உங்கள் சொந்த டோக்கனும் வீடு திரும்ப முடியாது. ஆஸ்மோசிஸ் மாதிரி ஒரு எக்ஸ்சேஞ்சில் உங்கள் டோக்கனுக்கு லிக்விடிட்டி பூல் (மாற்றிக்கொள்வதற்காகப் பலர் டோக்கன் போட்டு வைக்கும் பொதுக் கணக்கு) இருந்தால் அதில் போட்டவர்கள் எல்லாம் வெளியே நின்றுவிடுவார்கள். அதனால் முதலில் அவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள், ஆறு வாரமாவது கொடுங்கள், பிறகு பெறுவதை அணையுங்கள், அனுப்புவதைக் கடைசி நாள் வரை திறந்தே வையுங்கள்.

கடைசி நாளுக்கும் ஒரு நுணுக்கம் உண்டு, இதை நான் இரண்டாவது முறைதான் கற்றுக்கொண்டேன். ஒரு பிளாக்கில் நடந்ததற்கான சான்று அடுத்த பிளாக்கின் தலைப்பில்தான் வரும். கடைசி பிளாக்கில் யாராவது பணத்தை வெளியே அனுப்பினால் அதை நிரூபிக்க அடுத்த பிளாக் இருக்காது, பணம் நடுவழியில் நின்றுவிடும். ஆகவே “இந்தத் தேதிக்கு மேல் அனுப்பாதீர்கள்” என்று ஒரு தேதி சொல்லி, அதற்கு மேல் குறைந்தது ஒரு வாரம் வெறும் பிளாக்குகளாகவே ஓட்டுங்கள், செயின்களுக்கு இடையே சான்றுகளைச் சுமக்கும் ரிலேயர்கள் நிலுவையில் இருப்பதையெல்லாம் கொண்டு சேர்க்கட்டும். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. செயின் நின்ற பிறகு, லைட் கிளையன்ட் காலாவதி ஆகும் வரை உள்ள அந்த இரண்டு வாரத்தில், எதிர்ச் செயினிலிருந்து யாராவது தெரியாமல் உங்கள் செயினுக்குப் பணம் அனுப்பினால் அது போய்ச் சேரவும் சேராது, டைம்அவுட் ஆகித் திரும்பவும் திரும்பாது, ஏனென்றால் “வந்து சேரவில்லை” என்பதற்கான சான்றையும் உங்கள் செயின்தான் தர வேண்டும். காலாவதி ஆன பிறகு அனுப்ப முயன்றால் அங்கேயே மறுத்துவிடும், அந்த இடைப்பட்ட நாட்கள்தான் ஆபத்து. செயினை நிறுத்துவதற்கு இரண்டு வாரம் முன்பே செயின் ரெஜிஸ்ட்ரியில் (காஸ்மாஸ் செயின்களின் பொதுப் பட்டியலில்) உங்கள் பெயருக்கு எதிரே நிலையை ‘கில்டு’, அதாவது மூடப்பட்டது, என்று மாற்ற ஒரு வேண்டுகோள் அனுப்புங்கள், வாலட்காரர்களுக்கும் பிரிட்ஜ் தளங்களுக்கும் ஒவ்வொருவராக எழுதி வழியை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பேராவது பதில் போட மாட்டார்கள், விடாமல் மறுபடி எழுதுங்கள்.

இனி நாட்களைப் பற்றி. அன்பாண்டிங் 21 நாள், பூலிலிருந்து திரும்ப ஆறு வாரம், வெளியே போக இரண்டு மாதமாவது, கவர்னன்ஸ் வாக்கெடுப்புகளுக்கு நாலைந்து வாரம், கடைசி வெற்று வாரம். சிலது ஒன்றோடொன்று ஓடும், சிலது சொன்னதைவிட இழுக்கும். என் கணக்கில் ஐந்தரை மாதத்துக்குக் குறைந்து சரியாக மூட முடியாது, உங்களிடம் எட்டு மாதப் பணம் இருக்கிறது, ஆகவே ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரு மாதத்தையும் சேர்த்தால் இப்போதே தொடங்க வேண்டும். இது அபிப்பிராயம்தான், மூன்று மாதத்தில் முடித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் “இன்னும் நாலு மாதம் பார்க்கலாம், ஏதாவது நிதி வரும்” என்று காத்திருந்து கடைசிக் காசு தீர்ந்தபின் அறிவித்தால், மூடும் செலவுக்கே கையில் எதுவும் இருக்காது. எட்டு மாதத்தில் ஆறு மாதச் செலவைத் தனி மல்டிசிக் கணக்கில் (பலர் கையெழுத்திட்டால்தான் திறக்கும் கணக்கில்) ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தைப் பற்றி மட்டும் நம்பிக்கை வையுங்கள்.

அந்தச் செலவில் முதல் பங்கு வேலிடேட்டர்களுக்கு. மூடப்போகிறோம் என்று சொன்ன மறுநாளே உங்கள் டோக்கனின் விலை கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்குப் போகும், அவர்களுக்கு வரும் ஸ்டேக்கிங் வருமானமும் போகும், அப்புறம் நட்புக்காக மட்டும் 22 பேர் அரை வருடம் சர்வர் வாடகை கட்டுவார்கள் என்று எதிர்பார்ப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். மாதாமாதம் டாலர் மதிப்பில் நிற்கும் ஸ்டேபிள்காயினில் வாடகையைக் கொடுங்கள், கடைசி இரண்டு மாதத் தொகையை செயின் திட்டமிட்ட உயரத்தில் நின்ற பிறகு கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் இரண்டாவது செயினில் இப்படிச் செய்தார்கள், ஒருவர்கூடப் பாதியில் போகவில்லை.

விலை விழுவதில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக் செயினின் பாதுகாப்பு என்பது அதன் டோக்கன் விலைதான். விலை விழுந்த நாளில், மலிவாக வாங்கி ஸ்டேக் செய்து மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்துவிட்டால், இல்லாத பரிவர்த்தனைகளுக்குக் கையெழுத்துப் போட்டு அந்த எஸ்க்ரோக்களையே காலி செய்ய முடியும். டெராவில் அதன் டோக்கனான லூனாவின் எண்ணிக்கை சில பத்துக் கோடிகளிலிருந்து ஒரு வாரத்துக்குள் 6.5 லட்சம் கோடியைத் தாண்டிய அந்த நாட்களில் இதே பயம்தான். 2022 மே 12-ஆம் தேதி 7603700 என்ற உயரத்தில் வேலிடேட்டர்கள் சேர்ந்து செயினை நிறுத்தி, புதிதாக யாரும் ஸ்டேக் செய்ய முடியாதபடி ஒரு பேட்ச் போட்டுத்தான் மறுபடி ஓட்டினார்கள். அவர்கள் அதை அவசரத்தில் செய்தார்கள், உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அறிவிப்புக்கு முன்னால் இரண்டு எண்களை அருகருகே எழுதிப் பாருங்கள்: எஸ்க்ரோக்களில் மொத்தம் எவ்வளவு, மூன்றில் இரண்டு பங்கு ஸ்டேக்கைப் பிடிக்க இன்றைய விலையில் எவ்வளவு ஆகும். முதல் எண் பெரிதாக இருந்தால், அல்லது விலை பத்தில் ஒன்றானால் அப்படி ஆகிவிடும் என்றால், புதிய ஸ்டேக்கைத் தடுக்கும் பைனரியை (நோட்களில் ஓடும் மென்பொருளை) தயாராக வைத்துக்கொண்டு அறிவிப்போடு சேர்த்தே அதை ஓட்டத் தொடங்குங்கள். அதற்காக வேலிடேட்டர்களிடம் ஒரு வாரம் முன்னால் சொல்லியாக வேண்டும், அந்த ஒரு வாரம்தான் கசிவுக்கும் உள்ளாள் விற்பனைக்கும் இடம் கொடுக்கிற நேரம். முழுத் தீர்வு எனக்குத் தெரிந்து கிடையாது. குழுவினரின் வாலட் முகவரிகளை எல்லாம் அறிவிப்பிலேயே போட்டு “கடந்த 90 நாளில் இதிலிருந்து ஒன்றும் விற்கவில்லை, யாரும் சரிபார்க்கலாம்” என்று எழுதுங்கள். அப்படி எழுத முடியாத நிலையில் யாராவது குழுவில் இருந்தால், முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

மிச்சப் பணம் இருந்தால் பிரிக்க, யாரிடம் எவ்வளவு டோக்கன் இருந்தது என்று கணக்கெடுக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் உயரம் தேவைப்படும். அறிவிப்புக்கு முந்தைய உயரம் நியாயம் என்று நினைக்கிறேன், பிந்தைய உயரம் வைத்தால் செய்தி தெரிந்து மலிவாக வாங்கியவர்களும் பங்குக்கு வருவார்கள். டெராவில் இந்தச் சண்டை தீராமல் இரண்டு உயரங்களையும் வைத்தார்கள்: விழுவதற்கு முன் 7544914, விழுந்த பின் 7790000, இரண்டுக்கும் வேறு வேறு பங்கு. உங்கள் அளவுக்கு அது தேவையில்லை. ஆனால் ஸ்னாப்ஷாட்டை எடுத்துப் பார்த்தால் பெரிய உரிமையாளர் பட்டியலில் மேலேயே உங்கள் செயினின் சொந்த எஸ்க்ரோ முகவரி நிற்கும், அது ஒரு ஆள் இல்லை, வெளிச் செயின்களில் உங்கள் டோக்கனை வைத்திருக்கும் அத்தனை பேரும் அதற்குள் இருக்கிறார்கள். அங்கே போய் அதே நேரத்துக்கான கணக்கை எடுத்தால்தான் அவர்கள் பெயர் வரும்.

ஆட்களைச் சென்றடைவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹீலியம் என்ற வயர்லெஸ் நெட்வொர்க் 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி தன் சொந்தச் செயினை நிறுத்திவிட்டு சொலானா என்ற பெரிய செயினுக்குப் போனது. மூடிய செயின்களில் நான் மிகவும் கவனித்துப் படித்தது அதுதான். 2022 செப்டம்பரில் வாக்கெடுப்பு, நடுவில் ஏழு மாதம். முதலில் குறித்த மார்ச் 27-க்கு வேலை முடியாதபோது மூன்று வாரம் தள்ளிப்போட்டார்கள், அது சரியான முடிவு. பழைய வாலட் சாவியும் சொலானா சாவியும் ஒரே வகை என்பதால், மக்கள் செய்ய வேண்டியிருந்தது ஆப்பைப் புதுப்பிப்பது மட்டும்தான். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது, ஆனால் “பயனாளர் ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்?” என்ற கேள்வியை அவர்கள் முதலில் கேட்டுக்கொண்டது நாமும் எடுத்துக்கொள்ளக்கூடியது. கென்யாவின் சரஃபு சமூக நாணயத்தின் அடியில் இருந்த செயின் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாறியிருக்கிறது. அதைப் பயன்படுத்திய கடைக்காரர்கள் பட்டன் போனில் எண்ணை அழுத்தித்தான் பணம் அனுப்பினார்கள், அவர்களிடம் போய் வாலட்டை மாற்று என்று சொன்னால் நடக்குமா? உங்கள் 600 பேரிலும் அறிவிப்புப் பக்கத்தைப் படிக்காதவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். வாலட்டைத் திறந்ததும் முதலில் தெரியும் இடத்தில் தேதியைப் போடுங்கள். மின்னஞ்சல் அனுப்பும்போது அதில் எந்த இணைப்பும் வைக்காதீர்கள், “உங்கள் வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்களை நாங்கள் ஒருபோதும் கேட்க மாட்டோம்” என்று முதல் வரியில் எழுதுங்கள். மூடும் செயின் என்றாலே போலி மின்னஞ்சல் வந்துவிடும், எங்களுக்கு ஒன்பதாவது நாளே வந்தது.

பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் உங்கள் செயினில் டோக்கனைவிடப் பெரிய சொத்து பதிவுதான். யார் எந்த நாளில் என்ன வேலை செய்தார் என்ற நாலு வருடக் கணக்கு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டியவர்கள் இருப்பார்கள், தங்கள் உழைப்புக்கு அது ஒன்றுதான் சாட்சி என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். கடைசி பிளாக் தரவை ஒரு டார் கோப்பாக எங்கேயோ வைத்துவிட்டு “ஆவணப்படுத்திவிட்டோம்” என்று சொல்வது அவர்களுக்குப் பயன்படாது. ஒவ்வொரு முகவரிக்கும் சாதாரணமாகப் படிக்கக்கூடிய ஒரு பக்கம், சிஎஸ்வி-யாக இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான், இது ஒரு ஆள் இரண்டு வாரம் செய்யும் வேலை. எங்கள் இரண்டாவது செயினில் இதைச் செய்தபோது கடைசி மாதத்தில் அந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள், பணம் எடுக்க வந்தவர்களைவிட அதிகம். சரஃபுவின் 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரையிலான பரிவர்த்தனைகள், சுமார் 40,000 கணக்குகளுடையவை, பெயர்களை நீக்கி ஆய்வாளர்களுக்காக வெளியிடப்பட்டிருக்கின்றன. அதுவும் நல்ல வழி. ஆனால் உங்கள் பரிவர்த்தனைக் குறிப்புகளில் பெயர், ஊர், தொலைபேசி எண் என்று யாராவது எழுதியிருந்தால் அதைப் பார்த்து நீக்கியபின்தான் பொதுவில் போட வேண்டும்.

நிறுத்தும் நாளுக்கு இரண்டு வழி. ஒவ்வொரு வேலிடேட்டரும் ஆப்.டாம்ல் கோப்பில் ஹால்ட்-ஹைட் என்று ஓர் உயரத்தைப் போடலாம், யாராவது மறந்தால் தொல்லை. நான் பரிந்துரைப்பது, கவர்னன்ஸில் ஒரு சாஃப்ட்வேர் அப்கிரேட் ப்ரொபோசலை நிறைவேற்றி, அந்தப் பெயரில் எந்தப் புதிய பைனரியும் வெளியிடாமல் இருப்பது. அந்த உயரம் வந்ததும் எல்லா நோட்களும் ஒரே இடத்தில் தாமாக நின்றுவிடும். நின்ற உடனே ஐந்து வேலிடேட்டர்களாவது தனித்தனியாக ஸ்டேட்டை எக்ஸ்போர்ட் செய்து, ஹேஷ் (தரவின் கைரேகை போன்ற சிறு குறியீடு) ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, கடைசி பிளாக்கின் ஹேஷை எத்தனை இடத்தில் முடியுமோ அத்தனை இடத்தில் பதியுங்கள். பிட்காயின் பரிவர்த்தனை ஒன்றில் அந்த 32 பைட்டைச் சேர்க்க ஆகும் செலவு சொற்பம். இது எதற்கு என்றால், ஸ்டேக்கை எடுத்துக்கொண்டு போன வேலிடேட்டர்களுக்கு இனி இழக்க ஒன்றுமில்லை, அவர்களின் பழைய சாவிகள் போதுமான அளவு ஒருவர் கையில் சேர்ந்தால் பழைய உயரத்திலிருந்து ஒரு பொய் வரலாற்றை உண்மையான கையெழுத்துகளோடு எழுத முடியும். உண்மையான கடைசி ஹேஷ் பொதுவில் இருந்தால் அந்தப் பொய் எடுபடாது. வேலிடேட்டர்களிடம் கையெழுத்துச் சாவியை அழிக்கச் சொல்லுங்கள், ஆனால் லைட் கிளையன்ட்கள் எல்லாம் காலாவதி ஆனபின், ஒரு மாதம் கழித்து. அதற்கு முன் அழித்தால், எங்காவது ஒரு பணம் மாட்டியிருப்பது தெரியவந்தால் செயினை எழுப்ப வழி இருக்காது.

டொமைன்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாலட்களிலும் பழைய கையேடுகளிலும் உங்கள் ஆர்பிசி முகவரி (வாலட் செயினோடு பேசும் சர்வர் முகவரி) எழுதப்பட்டிருக்கும், அந்த டொமைன் காலாவதியானதும் யாராவது வாங்கி, பழைய வாலட்டைத் திறப்பவர்களுக்கு “உங்கள் பணத்தை மீட்க இங்கே சொற்களை உள்ளிடவும்” என்று காட்டுவது நடக்கிற விஷயம். ஐந்து வருடத்துக்கு முன்பணம் கட்டுங்கள். அந்த முகவரியில் செயின் எந்தத் தேதியில், எந்த உயரத்தில் நின்றது, பதிவுகள் எங்கே இருக்கின்றன என்று ஒரே ஒரு பக்கம் இருந்தால் போதும். இந்த ஐந்து வருடத் தொகையையும் அந்த மல்டிசிக்கில் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கட்டுவதற்கு ஆள் இருக்க மாட்டார்.

இந்த வாரமே எஸ்க்ரோ பட்டியலை எடுத்துவிட்டு, எத்தனை சேனல், ஒவ்வொன்றிலும் எவ்வளவு, அந்தப் பக்கத்து லைட் கிளையன்ட்டின் நம்பிக்கைக் காலம் எத்தனை நாள் என்று இங்கேயே எழுதுங்கள். எந்த சேனலில் எதிர்ச் செயினில் ஏற்கெனவே வாக்களிக்கும் ஆட்கள் குறைந்து கிடக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன், அதை முதலில் காலி செய்ய வேண்டியிருக்கும்.